அழுமூஞ்சிப் பூதம்

எங்கள் மாமா எதை வரைந்தாலும் அது கடைசியில் அழுமூஞ்சியாகத்தான் முடியும். மாமா என்றால் அம்மாவின் தம்பி. கண்டாச்சிபுரத்தில் வீடு. விழுப்புரம், திண்டிவனம் என்று போய்க் கடைகளுக்கு போர்டு எழுதுவார், சுவர்களில் படம் போடுவார். ஆள் சிரிப்புக்கென்றே பிறந்தவர். அவர் தெருமுனையில் திரும்பும்போதே அவர் சிரிப்பு எங்கள் வாசலுக்கு வந்துவிடும். வயிறாரச் சாப்பிடுவார், சாப்பிட்ட இடத்திலேயே துண்டை விரித்துத் தூங்குவார், தூக்கத்திலும் சிரிக்கிறார் என்று அப்பா சத்தியம் செய்வார். இப்படிப்பட்ட மனிதர் பிரஷ்ஷைக் கையில் எடுத்தால் மட்டும் எங்கிருந்தோ ஒரு துக்கம் வந்து படத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

விழுப்புரத்தில் ஒரு கோழிக்கறிக் கடைக்குச் சேவல் படம் போட்டார். கொண்டை சிலிர்த்துக்கொண்டு கம்பீரமாக நிற்க வேண்டும் என்பது கடைக்காரர் கட்டளை. கொண்டையும் வாலும் குறையில்லாமல் வந்தன. ஆனால் அதன் கண்ணைப் பார்த்தவர்களுக்கு, இந்தச் சேவலுக்கு எல்லா விஷயமும் தெரியும் என்று பட்டுவிட்டது. அரைக் கிலோ வாங்க வந்தவர்கள் முட்டை போதும் என்று திரும்பிப் போனார்களாம். இன்னொரு தடவை பள்ளிக்கூடச் சுவரில் சிரித்துக்கொண்டே படிக்கும் பிள்ளைகளைப் போடச் சொன்னார்கள். மாமா போட்ட பிள்ளைகள் பரீட்சையில் கோட்டைவிட்ட செய்தியை வீட்டில் எப்படிச் சொல்வது என்று யோசிக்கிற பிள்ளைகளாக வந்தார்கள். தேர்தலுக்கு வரைந்த வேட்பாளர் கதையைச் சொல்லவே வேண்டாம். டெபாசிட் போன முகம். கட்சிக்காரர்கள் மறுநாளே வந்து சுண்ணாம்பு அடித்தார்கள். ஆனால் அந்த ஒரு நாளில் பார்த்த பெண்கள் எல்லோரும் அவருக்கே ஓட்டுப் போட்டார்கள் என்று மாமா சொல்வார். அவர் சொல்வதில் பாதியைத் தள்ளுபடி செய்துதான் கேட்க வேண்டும்.

"ஏன் மாமா நீ போடறது எல்லாம் அழுவுது?" என்று நான் ஒருநாள் கேட்டே விட்டேன்.

"பெயிண்ட்ல தண்ணி ஜாஸ்தியாயிடுது பாப்பா" என்றார்.

நான் அதை நம்பினேன். அதற்குப் பிறகு அவர் பெயிண்ட் கலக்கும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர்ச் சொம்பைக் கண்காணித்துவந்தேன்.

அப்போதுதான் நாங்கள் திண்டிவனத்தில் பைபாஸ் ஓரமாக வீடு கட்டினோம். அப்பா மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டைகளை எடை போடுகிறவர். அம்மா வீட்டிலேயே ஜாக்கெட் தைப்பாள். ஒரு ஹால், ஒரு ரூம், ஒரு சமையல்கட்டு, முன்னால் இரண்டு தூண். தூண் வீட்டைத் தாங்கவில்லை, அழகுக்கு நின்றது. வெளிச்சுவருக்கு அம்மா தேர்ந்தெடுத்த ரோஸ் கலர், பைபாஸில் போகிற பஸ்ஸில் தூங்குகிறவனைக் கூட எழுப்பிவிடும். விழுப்புரத்திலிருந்து மெட்ராஸ் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் வீடு நன்றாகத் தெரியும் என்று அம்மா தானே ஒருமுறை போய்ச் சோதித்துவிட்டு வந்தாள்.

விழுப்புரத்தில் பெரியம்மா இருந்தாள். அப்பாவின் அண்ணன் மனைவி. மாடி வீடு, படிக்கட்டு முழுக்க வழுக்குகிற டைல்ஸ், வாசலில் இரண்டு லாரி. பெரியம்மா நல்லவள், அதுதான் அம்மாவுக்குப் பிரச்சினை. ஒவ்வொரு பண்டிகைக்கும் தன்னுடைய பழைய புடவைகளை மடித்துக் கொடுப்பாள். மிக்ஸி மாற்றினால் பழைய மிக்ஸி எங்களுக்கு வரும். கொடுக்கிற பொருளோடு "பாவம், நீயும் எவ்ளோதான் கஷ்டப்படுவே" என்று ஒரு வார்த்தையும் சேர்ந்து வரும். பொருளை அம்மா வாங்கிக்கொள்வாள், அந்த வார்த்தை மட்டும் அவளுக்கு ஜீரணமாகாது. வீட்டுக்கு வந்ததும் அந்தப் புடவையை வெட்டி ஜன்னலுக்குத் திரை தைத்துவிடுவாள். "ஒரே ஒரு நாள், ஒரே ஒரு நாளு அவ என்னப் பாத்து வயிறு எரியணும். அப்பறம் எமன் வந்தாலும் வாங்கன்னு சொல்லுவேன்" என்பாள் அப்பாவிடம். வீடு கட்டியதே அந்த ஒரு நாளுக்காகத்தான் என்று அப்பா என் காதில் சொல்லுவார்.

பெரியப்பாவுக்கு விக்கிரவாண்டி தாண்டி இன்னொரு வீடும் உண்டு என்று பெரியவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொள்வதை நான் கேட்டிருந்தேன். இரண்டு வீடு வைத்திருக்கும் பணக்காரர்கள் எங்கள் சொந்தக்காரர்கள் என்று பள்ளிக்கூடத்தில் பெருமையடித்தும் இருந்தேன்.

வீடு என்று ஒன்று எழும்பினால் திருஷ்டி பொம்மை வேண்டும். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது. கடைகளில் அச்சடித்த பூதங்கள் கொத்தாகத் தொங்கின. பச்சை முகம், தொங்கும் நாக்கு, எல்லாம் ஒரே அச்சு. அம்மாவுக்கு அது போதவில்லை. அவள் கணக்கு வேறு. பொம்மை எவ்வளவு பெரிதோ, அந்த வீட்டின்மேல் அவ்வளவு கண் விழுகிறது என்று அர்த்தம். அதனால் இந்த வட்டாரத்திலேயே இல்லாத பெரிய பூதமாக, கையால் வரைந்ததாக வேண்டும் என்று தம்பியைக் கூப்பிட்டனுப்பினாள். சேவல் கதையை அப்பா ஞாபகப்படுத்தினார். "பூதம் வரையறதுக்கு இன்னாங்க இருக்குது? பல்லு பெரிசா போட்டா போச்சு" என்று அம்மா அடித்துச் சொல்லிவிட்டாள்.

மாமா ஆளுயரத் தகரத்தோடு வந்து இறங்கினார். புது வீட்டுப் பின்கட்டில் அதைச் சாய்த்துவைத்து, மீசை போட்டார், கோரைப்பல் போட்டார், நாக்கை மோவாய்வரை இழுத்துவிட்டார். கண் மட்டும் வரவில்லை. கோபமான கண்ணை நேரில் பார்த்தால்தான் வரும் என்றார். முதலில் அப்பாவைக் கோபப்படச் சொன்னார். அப்பா மண்டியில்கூட யாரையும் அதட்டிப் பழக்கமில்லாதவர். மூச்சைப் பிடித்துக்கொண்டு கண்ணை உருட்டினார், தும்மல் வரப்போகிறவர் போல இருந்தார். அடுத்து நான் நாக்கை நீட்டி முழித்தேன். மாமா சிரித்த சிரிப்பில் பிரஷ் கீழே விழுந்தது.

அந்த நேரம் பார்த்து அம்மா வந்தாள். புது வீட்டுக்கென்று பத்திரப்படுத்திவைத்திருந்த எவர்சில்வர் கிண்ணத்தில் மாமா சிவப்புப் பெயிண்ட் கலக்கிவைத்திருந்ததைப் பார்த்தாள். கூந்தல் அவிழ்ந்து விழ, தைத்துக்கொண்டிருந்த துணி தோளில் தொங்க, கண் இரண்டும் வெளியே வர, "எருமை! ஒனக்குக் கலக்கறதுக்கு என் கிண்ணந்தான் கெடைச்சுதா?" என்று ஆரம்பித்தாள்.

"அக்கா, அப்படியே நில்லு! அசையாத!" என்று மாமா பிரஷ்ஷை எடுத்தார்.

"என்னப் பாத்தா பூதம் மாரியா இருக்குது ஒனக்கு?"

"இப்பதான்க்கா கரெக்டா இருக்குது. கத்திக்கினே இரு."

அப்பா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு வேப்பமரத்துப் பக்கம் போய்விட்டார். அம்மா கத்தினாள். தம்பியைத் திட்டினாள், அவனைப் பெற்றவர்களைத் திட்டினாள், சிமெண்ட் கொண்டுவராமல் ஏமாற்றியவனைத் திட்டினாள், பழைய புடவைகளைத் திட்டினாள். கோபம் எவ்வளவு நேரம்தான் நிற்கும்? கத்துவதற்கு வார்த்தை தீர்ந்த பிறகும், தம்பி வரைகிறானே என்று இடுப்பில் கைவைத்தபடி அங்கேயே நின்றாள். அவளை அதுவரை யாரும் வரைந்ததில்லை. மதில் தாண்டிப் போகிற பஸ்களைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். மாமாவும் அன்றைக்கென்று சிரிக்காமல் வரைந்தார். நான் தண்ணீர்ச் சொம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சொட்டு ஜாஸ்தி விழவில்லை.

முடிந்ததும் எல்லோரும் எட்டி நின்று பார்த்தோம். பல் பூதப்பல்தான், மீசை பூதமீசைதான். ஆனால் அந்தப் பூதம், நம்மைத் தின்ன வந்துவிட்டு, நாம் சாப்பிட்டோமா என்று விசாரிக்கிற மாதிரி பார்த்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதையைக் கேட்டிருக்கிறோம். இது பூதம் பிடிக்கப் போய் மனுஷனான கதை.

"கண்ணு இன்னாடா ஒரு மாரி இருக்குது?" என்றாள் அம்மா.

மாமா திருத்தினார். கண்ணுக்குச் சிவப்பு ஏற்றினார், விடியவிடிய அழுத கண்ணாக ஆகிவிட்டது. புருவத்தைத் தடிப்பாக்கினார், சாவுச் செய்தி கேட்டவன் புருவம் வந்தது. கடைசியாகப் பல்லை இன்னும் நீட்டினார். அழுகையை மறைத்துக்கொண்டு சிரிக்கிறவன் போல ஆனது, அதுதான் எல்லாவற்றிலும் மோசம். விடிந்தால் கிரகப்பிரவேசம். "ஒசரத்துல மாட்டிட்டா கண்ணு எவனுக்குத் தெரியப் போவுது, உடும்மே" என்று அப்பா ஏணியைக் கொண்டுவந்தார்.

எல்லோருக்கும் கண்தான் தெரிந்தது. பசுமாட்டை உள்ளே அழைத்துப்போய்ப் பால் காய்ச்சி முடித்து, வந்தவர்கள் வீட்டைச் சுற்றிப் பார்ப்பார்கள் என்று அம்மா பட்டுப்புடவையில் காத்திருந்தாள். வந்தவர்கள் வாசலோடு நின்றார்கள். தூணைப் பார்க்கவில்லை, ரோஸ் கலரைப் பார்க்கவில்லை. அண்ணாந்து பூதத்தைப் பார்த்துவிட்டு, உள்ளே வந்து அம்மாவின் கையைப் பிடித்து மெதுவான குரலில் பேசினார்கள். கண்ணீர் அஞ்சலி பேனர்களைப் பார்த்துப் பழகிய ஊர். தண்ணீர் கேன் போட வந்தவர் செருப்பைக் கழற்றிவிட்டு அப்பாவிடம் கேட்டார்: "யாரு சார் தவறிட்டாங்க? பல்லு கொஞ்சம் நீட்டு, ஆனா நல்ல மனுஷன் மாரி தெரியறாரு."

பெரியம்மா பதினோரு மணிக்கு வந்தாள், பெரியப்பா வரவில்லை. லோடு ஏற்றப் போயிருக்கிறார் என்றாள். காரிலிருந்து இறங்கியவள் கூலிங் கிளாஸைக் கழற்றி அண்ணாந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். அம்மா தூணுக்குப் பக்கத்தில், தூணும் தானும் சேர்ந்து தெரிகிற மாதிரி நின்றாள். பெரியம்மா நேராக வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். கண் நிறைந்திருந்தது. "பாவம்டி" என்றாள்.

ஏழு வருஷம் ஜாக்கெட் தைத்துக் கட்டிய வீடு அந்த இடத்தில் விழுந்தது. அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

நான் என்னாலானதைச் செய்தேன். பந்தியில் பெரியம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பேச்சைப் பொம்மையிலிருந்து மாற்றி அவர்களுடைய செல்வத்தைப் பற்றி மரியாதையாக நாலு வார்த்தை பேசலாம் என்று, "பெரியம்மா, விக்கிரவாண்டி தாண்டி இருக்கற ஒங்க இன்னொரு வூட்ல இன்னா பொம்மை மாட்டியிருக்கீங்க?" என்று உரக்கக் கேட்டேன்.

பாயசம் ஊற்றிக்கொண்டிருந்த சித்தப்பா கரண்டியை இலையிலேயே விட்டுவிட்டார். எதிர்வரிசையில் அப்பளத்தைக் கடித்த ஒருவர் மெல்லாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். அப்பா என்னை இலையோடு தூக்கிக்கொண்டு போகலாமா என்று யோசித்தது தெரிந்தது. பெரியம்மாதான் நிதானமாக இருந்தாள். "அந்த வூட்டுக்கு நான் போனதே இல்ல பாப்பா" என்றாள். பிறகு பாயசத்தை முழுக்கச் சாப்பிட்டாள். பெரிய வீடு வைத்திருக்கிறவர்களுக்கு எல்லா வீட்டுக்கும் போக நேரம் இருக்காது என்று நான் சமாதானப்படுத்திக்கொண்டேன். இருந்தாலும் கைகழுவும் இடத்தில் அம்மா என் முதுகில் ஏன் ஒன்று வைத்தாள் என்று விளங்கவில்லை.

சாயங்காலமே அம்மா பூதத்தை இறக்கச் சொன்னாள். "எவ்ளோ கண்ணு பட்டிருக்கணும்? ஒரு கண்ணுகூட படலியே! எல்லாரும் துக்கம் விசாரிச்சிட்டுப் போறாங்களே!"

"அதுக்குத்தானே பொம்மை? வேலை செஞ்சிருக்குதில்ல?" என்றார் அப்பா. அன்றைக்கு அவர் பேசிய கடைசி வாக்கியம் அது.

மாமா ஏணியில் ஏறி இறக்கினார். துவைக்கிற கல்லுக்குப் பின்னால் முகம் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தார். சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவர் பாதியில் எழுந்துவிட்டார். மாமா இலையில் சோறு மிஞ்சி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்கு அழுகை வந்தது. கடையில் வாங்கிய பச்சைப் பூதம் மேலே ஏறியது. அதை யாரும் நின்று பார்க்கவில்லை. அடுத்த வெயிலுக்குள் பச்சை வெளுத்து மஞ்சளாகி, காமாலை வந்தவன் போல ஆனது.

கிரகப்பிரவேசம் முடிந்து சில நாளில் ஒரு மத்தியானம் பெரியம்மா தனியாக வந்தாள். காரில் அல்ல, பஸ்ஸில். பழைய புடவை எதுவும் கொண்டுவரவில்லை. தண்ணீர் குடித்தாள், சுற்றிப் பார்த்தாள்.

"தங்கச்சி, அந்தப் படம் எங்க?"

"இறக்கியாச்சுக்கா. நல்லா வரல."

"எனக்குக் குடுத்துடறியா?"

அம்மா தையல் மிஷினிலிருந்து காலை எடுத்தாள். பெரியம்மா அம்மாவிடம் ஒன்றைக் கேட்பது உலகத்திலேயே அதுதான் முதல் தடவை. "எதுக்குக்கா ஒங்களுக்கு? ஒங்க வூட்ல இல்லாத படமா?"

"அன்னியிலருந்து அது கண்ணுலயே நிக்குதுடி. நான் பாத்தப்ப அதுவும் என்னப் பாத்துது. வூட்ல அத்தினி செவுரு இருக்குது, ஒண்ணாவது என்னப் பாக்குதா?"

"இல்லக்கா, அது எங்களுக்கு வேணும்" என்றாள் அம்மா. குரலில் தேன் வழிந்தது. "தம்பி ஆசையா வரைஞ்சான். யாருக்கும் குடுக்கறதா இல்ல."

பெரியம்மா சரி என்று எழுந்தாள். கேட் வரைக்கும் போய், பச்சைப் பூதத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, குடை விரித்துக்கொண்டு நடந்தாள். அம்மா கேட்டைச் சாத்திவிட்டு வந்து என் கன்னத்தைக் கிள்ளினாள். "பாத்தியா? பாத்தியா? கேட்டா, குடுக்கலயே நான்!" அன்றைக்கு எங்கள் வீட்டில் கேசரி. நானும் அம்மாவும் சட்டியைச் சுரண்டிச் சாப்பிட்டோம். கடைசியில் எங்களைப் பார்த்து ஒருவருக்கு வயிறு எரிந்துவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் அம்மா துவைக்கப் போனவள் வெகுநேரம் வரவில்லை. போய்ப் பார்த்தேன். பூதத்தைத் திருப்பி வைத்து, ஈரத்துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த பிறகும் எதிரே உட்கார்ந்திருந்தாள். குழாயடி வாளியில் தண்ணீர் நிரம்பி வழிந்ததைக்கூட அவள் கவனிக்கவில்லை. நான்தான் குழாயை மூடினேன்.

ஞாயிற்றுக்கிழமை அதை ஜன்னல் திரையில் சுற்றி, என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். ஆளுயரத் தகரத்துக்கு லக்கேஜ் டிக்கெட் உண்டா என்று கண்டக்டர் பிரித்துப் பார்த்தார். பார்த்துவிட்டு, "வேணாம்மா, பத்தரமா எடுத்துக்கினு போங்க" என்று சீட்டில் இடம் பண்ணிக்கொடுத்தார். வழி நெடுக நான் கெஞ்சினேன். குடுக்க மாட்டேன் என்று சொன்னாயே, நாம்தானே ஜெயித்தோம், இப்போது எதற்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறாய் என்று கேட்டேன். அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அந்தப் பூதம் இன்றைக்கும் பெரியம்மா வீட்டு ஹாலில் இருக்கிறது. சுவருக்குக் கலர் பலமுறை மாறியது, லாரிகள் போயின, டைல்ஸ் பெயர்ந்தது. இப்போதும் அந்த வீட்டுக்குள் நுழைகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு நிமிஷம் அதன் எதிரே நிற்கிறார்கள். கேஸ் சிலிண்டர் போடுகிறவர்கூட. சிரித்த முகத்தோடு மாட்டிய கல்யாணப் போட்டோ பக்கத்திலேயே இருக்கிறது, அதை யாரும் பார்ப்பதில்லை.

அன்றைக்கு அதை மாட்ட ஆணி அடித்தது அம்மாதான். பெரியம்மா ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். மாட்டி முடித்து இரண்டு பேரும் எதிரே சோபாவில் உட்கார்ந்தார்கள். மாடியில் விளக்கு இல்லை. சமையல்கட்டு மேடையில் ஒரே ஒரு தட்டு கவிழ்த்து வைத்திருந்தது. பெரியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"யாரு மொகம்டி இது? யாரப் பாத்து வரைஞ்சான் ஒன் தம்பி?"

நான் வாயைத் திறந்தேன். அம்மாவின் விரல் என் தொடையில் இறங்கிய வேகத்தில் திறந்த வாய் அப்படியே நின்றது.

"யாரும் இல்லக்கா. அவனா எதையோ நெனைச்சிக்கினு போட்டான்" என்றாள்.

"அப்ப சரி" என்று பெரியம்மா மறுபடி நிம்மதியாக அதைப் பார்க்க ஆரம்பித்தாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் நான் அம்மாவோடு பேசவில்லை. மாடிவீட்டுப் பெரியம்மா அம்மாவின் முகத்தை நடு ஹாலில் மாட்டிவைத்து, அதன் எதிரே உட்கார்ந்து அழுகிறாள். அது நான்தான்க்கா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், இத்தனை வருஷத்துக்கும் சேர்த்து அன்றைக்கே ஜெயித்திருக்கலாம். பூதத்துக்கு நின்றதைச் சொல்ல வெட்கம் போலிருக்கிறது என்று நினைத்தேன். தொடை வேறு எரிந்தது. எங்கள் அம்மாவுக்கு ஜெயிக்கவே தெரியாது என்று, திண்டிவனம் வருவதற்குள் நான் முடிவு கட்டிவிட்டேன்.